எலும்புப் பிரிவுக்குப் புது டாக்டர்கள்

"ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் புதுசா வந்திருக்காராம்" என்ற பேச்சு எங்கள் வடலூரில் வேகமாகப் பரவும். காரணம் உண்டு. கடலூர்-விருத்தாசலம் சாலையும், பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் குறுக்கிடும் ஊர் இது. இரு சக்கர வாகன விபத்துக்குப் பஞ்சமில்லை. அதோடு என் வயதுக்காரர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். எங்களுக்கு விழுவதற்குச் சாலை தேவையில்லை. ஈரமான குளியலறை போதும்.

முன்பெல்லாம் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு, இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர். 1985-ல் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தபின் சிதம்பரம் பக்கமும் போகலானோம். 2021-ல் அது மாநில சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. மருத்துவக் கல்லூரி அருகில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. எலும்பு அறுவை மேற்படிப்பு மூன்று வருடம். வருடா வருடம் சிலர் முடித்து வெளியே போவார்கள், சிலர் புதிதாகச் சேருவார்கள்.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'ஆர்த்தோ' என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் பிறந்த கதை ஞாபகம் வரும். 1741-ல் பாரிசில் நிக்கோலா ஆந்திரி என்ற மருத்துவர் குழந்தைகளின் உடல் கோணலாகாமல் காப்பது பற்றி 'ஓர்த்தோபெதி' என்று ஒரு புத்தகம் எழுதினார். 'நேர்', 'குழந்தை' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவரே உண்டாக்கிய பெயர். வளைந்து வளர்ந்த மரத்தை நிமிர்ந்த ஒரு கம்போடு கயிறு சுற்றிக் கட்டியிருக்கும் படம் அதில் உண்டு. இன்றும் பல எலும்பு மருத்துவர் சங்கங்களுக்கு அதுதான் சின்னம். குழந்தைக்கென்று பிறந்த சொல், இப்போது எங்களைப் போன்ற கிழங்களையும் சேர்த்துக்கொண்டுவிட்டது.

வயதானவர் விழுந்தால் "இடுப்பு எலும்பு போய்விட்டது" என்கிறோம். பெரும்பாலும் முறிவது தொடை எலும்பின் மேல்முனை. அந்த இடத்தை மாவுக்கட்டோ புத்தூர் கட்டோ பிடித்து நிறுத்தாது. கம்பி, திருகு அல்லது செயற்கை மூட்டு வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், கால் நரம்பில் ரத்தம் உறையும். அதனால்தான் முடிந்தவரை இரண்டு நாளுக்குள் அறுவை செய்து, சீக்கிரமே எழுப்பி நிற்கவைக்கச் சொல்கிறார்கள்.

என் பெரிய அக்கா எழுபத்தெட்டு வயதில் விழுந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் காத்துக் கிடந்தார். டாக்டர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். அந்தப் பிரிவில் இருந்ததே இரண்டு பேர். ராத்திரியானால் விபத்தில் எலும்பு வெளியே தெரிய யாராவது வந்து சேருவார்கள். அவர்களை உடனே மேசையில் ஏற்றாவிட்டால் காலே போய்விடும், சில சமயம் உயிரும் போய்விடும். காலைப் பட்டியலில் இருக்கும் அக்காவின் பெயர் மறுநாளுக்கு நகரும். மூன்றாம் நாள் இருமல். ஆறாம் நாள் முதுகில் புண். பிறகு புதிதாக ஓர் இளம் டாக்டர் பணியில் சேர்ந்தார். பத்தாம் நாள் அறுவை நடந்தது, நல்லபடியாகவே நடந்தது. ஆனால் புண் ஆற இரண்டரை மாதமாயிற்று. அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தார். தெருவில் இறங்கவே இல்லை. "அந்தப் பிள்ளை ஒரு வாரம் முன்னாடி வேலைக்குச் சேர்ந்திருக்கக் கூடாதாடா தம்பி?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அரசு அலுவலகத்தில் காலிப் பணியிடப் பட்டியல் தயாரித்து மேலே அனுப்பியவன் நான். அனுமதிக்கப்பட்டது, நிரப்பப்பட்டது, காலி என்று மூன்று கட்டம் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு இடம் காலி என்றால் கோப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும். எலும்புப் பிரிவில் காலி என்றால் தள்ளிப்போவது யாரோ ஒருவருடைய அக்கா.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். வீட்டுக்குள் விழுந்த பாட்டிக்கும் அதே 48 மணி நேரம்தான் கெடு, ஆனால் அவருக்காக யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. மூன்றாவது, நான்காவது சர்ஜன் வந்தால்தான் ஒரு மேசையை விபத்துக்கும் இன்னொன்றை இவர்களுக்கும் ஒதுக்க முடியும்.

புதிதாக வருபவரால் வரிசையே மாறும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், அங்கே மடங்கிப்போன விரல்களைப் பார்த்தார். எலும்பு சர்ஜன்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத கைகள் அவை. நோய் நரம்பைத் தாக்கியதால் சில தசைகள் செயலிழந்திருந்தன, ஆனால் முன்கையில் நல்ல தசைகள் மிச்சமிருந்தன. அவற்றின் நாணை மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிரவைத்தார். அதுவரை வரிசையிலேயே இல்லாதவர்கள் அறுவை மேசைக்கு வந்தார்கள்.

எனவே புது டாக்டரைப் பார்த்து "பொடிப்பையனா இருக்கானே" என்று முகம் சுளிக்காதீர்கள். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளை, முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை, முதல் நாளே அவரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் எந்தத் தேதி என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சர்ஜன் மட்டும் வந்தால் போதாது. மயக்க மருந்து டாக்டர் வேண்டும், மறுநாள் எழுப்பி நடக்கவைக்கப் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இந்த இடங்கள் காலியாக இருந்தால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும்போது எழுதிக் கொடுங்கள். "டாக்டர் இல்லை" என்று பொதுவாக எழுதினால் கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். அனுமதிக்கப்பட்டது எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, எத்தனை மாதமாகக் காலி என்று எழுதுங்கள். அப்படி வரும் மனுவுக்குப் பதில் எழுதாமல் எந்த எழுத்தராலும் கட்டி வைத்துவிட முடியாது.