புள்ளி இரண்டு

கோவை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் எடுக்கும் ஒரு பட்டறை. மேசை மேல் வால்வ் பாடி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வளைந்து வளைந்து ஓடும் எண்ணெய்த் தடங்கள். இரண்டு பாதிக்கும் நடுவே இருந்த தகட்டை மெக்கானிக் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். தகடு முழுக்கப் பொடிப்பொடித் துளைகள்.

வண்டிக்காரர் ஸ்டூலில். மடியில் புது சொலினாய்டு, பிரித்த பெட்டியோடு. ஏற்கெனவே ஒன்று மாற்றியாயிற்று. கியர் விழும்போது வண்டி உதைப்பது நிற்கவில்லை.

"இந்த ஓட்டையை யாருங்க தொட்டது?"

"முன்னாடி பார்த்தவரு. அடைப்புன்னு பிட் விட்டு எடுத்தாருங்க."

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. 1 மி.மீ. பிட்டை நுழைக்கிறார்; லொடலொடவென்று ஆடுகிறது. 1.2 கச்சிதமாக உட்காருகிறது.

புள்ளி இரண்டுதான். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதாயிற்றே. எண்ணெய் புகும் வழி 44 சதவீதம் பெருத்துவிட்டது. தொட்டிக்கு வரும் குழாயைப் பெரிதாக்கிவிட்டு வடிகாலை அப்படியே விட்ட கதை. சொலினாய்டு திறப்பது வடிகாலை. முழுக்கத் திறந்தும் அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது. கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும். பழி மட்டும் சொலினாய்டுக்கு, பாவம்.

பையன் கழிவுப் பெட்டியைக் கிளறி அதே மாடல் தகடு ஒன்றைக் கொண்டுவருகிறான். துடைக்கப் பனியன் வேஸ்ட்டை எடுத்தவனின் கையில் ஒரு தட்டு விழுகிறது. அந்தத் துளைக்கு ஒரு நூல் பிசிறு போதும். அடைத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ்: அழுத்தம் ஏறாது, கிளட்ச் வழுக்கி வழுக்கியே கருகும். அசட்டுச் சிரிப்போடு காற்றுக் குழாயை எடுக்கிறான்.

டெஸ்டிங் பெஞ்ச். உள்ளே வரும் அழுத்தம் 10 பார். சொலினாய்டின் வடிகாலும் ஏறத்தாழ 1 மி.மீ.தான். குடைந்த தகட்டை வைத்துக் கரண்ட் கொடுத்ததும் அழுத்தமானியின் முள் ஏழுக்குச் சற்றே கீழே வந்து, அங்கேயே நின்றுகொள்கிறது. கழிவுப் பெட்டித் தகட்டில் ஐந்து வரை இறங்குகிறது. இரண்டு தடவையும் வண்டியிலிருந்து கழற்றிய அதே சொலினாய்டு.

வண்டிக்காரர் முள்ளைப் பார்க்கிறார். மடியைப் பார்க்கிறார்.

"இதைக் கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா?"

"கரண்ட் சாமானுங்க. பிரிச்சுட்டா எடுக்க மாட்டாங்க" என்றபடியே மெக்கானிக் டார்க் ரெஞ்சுக்குக் கை நீட்டுகிறார்.