மார்கழியில் நிற்கும் யந்திரம்

ஜினீவாவின் கார்னவன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் 18-ஆம் நம்பர் டிராமில் ஏறிக்கொள்ளுங்கள். அரை மணிக்குள் 'ஸெர்ன்' என்ற பெயர்ப் பலகை தெரியும். அங்கே இறங்க வேண்டும். ஜனவரி மாதமாக இருந்தால் கம்பளிக் குல்லாயை மறந்துவிடாதீர்கள். 'பீஸ்' என்று ஒரு வடகிழக்குக் காற்று அந்தப் பிரதேசத்தின் சொத்து. அது வீசும்போது, காதுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

எதிரே மரத்தால் கட்டிய ஒரு பிரம்மாண்டமான உருண்டை. தூரத்தில் ஜூரா மலை, உச்சியெல்லாம் பனி. நடுவே வயல்களும் சின்னச் சின்னக் கிராமங்களும். 'இதைக் காட்டவா இவ்வளவு தூரம் அழைத்து வந்தீர்?' என்று கேட்காதீர்கள். பார்க்க வேண்டியது பூமிக்கு மேலே இல்லை. அந்த வயல்களுக்கு அடியில், 50 முதல் 175 மீட்டர் வரை ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு சுரங்கம் வட்டமாக ஓடுகிறது. அதில் பெரும்பகுதி பிரான்ஸில், மிச்சம் ஸ்விட்ஜர்லாந்தில். யந்திரம் ஓடும்போது, ஹைட்ரஜன் வாயுவிலிருந்து பிரித்தெடுத்த புரோட்டான் துகள்கள் அதற்குள் வினாடிக்கு 11,245 தடவை சுற்றி வரும். பாஸ்போர்ட் கேட்பாரில்லை! இரண்டு கூட்டங்களை எதிரெதிர்த் திசையில் விரட்டி, மோதவிட்டு, தெறிப்பதை ஆராய்கிறார்கள். 2012-இல் ஹிக்ஸ் துகள் அகப்பட்டது இப்படித்தான்.

யந்திரம் வேலை செய்யும் வருஷங்களிலும், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அதை நிறுத்திவிடுவது வழக்கம். குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கிய காரணம் மின்சாரச் செலவு. முழு மூச்சில் வேலை நடக்கும்போது ஸெர்னுக்கு ஏறக்குறைய 200 மெகாவாட் வேண்டும். பனிக் காலத்திலோ ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் கணப்பு வேண்டும், விலை ஏறிவிடும். 2022-இல் ஐரோப்பா முழுவதும் மின்சாரத்துக்கு நெருக்கடி வந்தபோது, இரண்டு வாரம் முன்னதாகவே, நவம்பர் 28-ஆம் தேதியன்று, யந்திரத்தை நிறுத்தினார்கள். பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நாம் மட்டும் அல்ல!

நிறுத்தியாயிற்று என்றால் ஓய்வு என்று அர்த்தமில்லை. போகிக்கு முதல் நாள் நம் வீடு எப்படி இருக்கும்? அந்த அமர்க்களம்தான் அங்கேயும். பம்புகளைப் பிரிப்பவர்கள், கம்பிகளை மாற்றுபவர்கள், காந்தங்கள் நூல் பிடித்தாற்போல் நிற்கின்றனவா என்று அளப்பவர்கள், எல்லாரும் கீழே இறங்கிவிடுகிறார்கள். தூரம் அதிகமல்லவா? சுரங்கத்துக்குள் சைக்கிளில் போகிறவர்களும் உண்டு.

உள்ளே போகிறவர் ஒவ்வொருவரும் வாசலில் ஒரு சாவியை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். கண்ணின் கருவிழியைப் பார்த்து ஆளை அடையாளம் கண்ட பிறகே கதவு திறக்கும். திரும்பியதும் சாவியை அதன் இடத்தில் செருக வேண்டும். ஒரே ஒரு சாவி குறைந்தாலும் யந்திரம் கிளம்பாது. யாரோ ஒருவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்றுதானே அதற்கு அர்த்தம்! அதுவும் போதாதென்று, எல்லா வேலையும் முடிந்தபின் சிலர் சுரங்கத்தைப் பகுதி பகுதியாகத் தேடிப் பார்த்த பிறகே பூட்டுகிறார்கள். கொத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே தூங்கும் பாட்டிமார்களுக்கு இந்த ஏற்பாடு நிச்சயம் பிடிக்கும்.

இனிமேல்தான் கஷ்டமான கட்டம். நிறுத்துவது சுலபம், மறுபடி கிளப்புவதுதான் பெரும் பாடு.

துகள்களை வட்டப் பாதையில் வளைத்துச் செல்லும் முக்கியக் காந்தங்கள் 1,232. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. இவற்றைத் தாங்கி, மயிரிழை கணக்கில் நகர்த்திச் சரி செய்யும் ஜாக்கிகள், 6,800-க்கும் மேற்பட்டவை, நம் இந்தியாவில் செய்து அனுப்பியவை. காந்தங்கள் வேலை செய்ய வேண்டுமானால் ஹீலியத்தைக் கொண்டு அவற்றைப் பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரி வரை குளிரவைக்க வேண்டும். நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள வெளிகூட அவ்வளவு குளிர்ச்சி இல்லை. அந்தக் குளிரில்தான் கம்பிச் சுருளில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். காப்பிக்கு நாம் வைத்திருக்கும் பிளாஸ்க் மாதிரி, ஆனால் நேர்மாறாக, குளிர் வெளியே போகாமல் மூடி வைத்திருக்கிறார்கள். திரும்பக் குளிரவைக்க வாரக் கணக்காகும் என்பதால், குளிர்கால நிறுத்தத்தில் கூடியமட்டும் அவற்றைச் சூடாக விடுவதில்லை.

அப்படியே சூடாக்க நேர்ந்தால் வேறொரு தொல்லை. குளிரில் காந்தங்கள் மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் சுருங்கும், சூட்டில் நீளும். இதற்கு இடம் கொடுப்பதற்காகக் குழாய்களின் இணைப்பில் விரல் விரலாக மெல்லிய செப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று மடங்கிக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டால் துகள்களின் வழி அடைபட்டுப் போகும். கிலோமீட்டர் கணக்கான குழாயில் எந்த விரல் மடங்கியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிங்-பாங் பந்து அளவுள்ள உருண்டைக்குள் சிறிய ரேடியோக் கருவி ஒன்றை வைத்துக் குழாய்க்குள் காற்றால் ஓட்டினார்கள். உருண்டை எங்கே நின்றதோ அங்கே கோளாறு! இந்த யோசனையைச் சொன்னவருக்கு வீட்டில் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அடைப்பு என்றதும் 1996-இல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அப்போது இதே சுரங்கத்தில் 'லெப்' என்ற முந்தைய யந்திரம் இருந்தது. குளிர்கால வேலை முடிந்து கிளப்பினார்கள். துகள்கள் ஓர் இடத்துக்கு அப்பால் போக மறுத்தன. நிபுணர்கள் மண்டையைக் குழப்பிக்கொண்டு, கடைசியில் குழாயைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு காலி பீர் பாட்டில்கள்! பிரெவெஸ்ஸான் கிராமத்துப் பக்கம் இருக்கும் கட்டுப்பாட்டு அறையிலும் காலி பாட்டில்கள் உண்டு. அவை ஷாம்பேன் பாட்டில்கள். ஒவ்வொரு வெற்றியின் ஞாபகமாகவும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பாட்டில் இருக்கலாமென்றால் அங்கேதான்.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. இப்போதைய யந்திரத்தில் துகள்கள் முதன்முதலாகச் சுற்றியது 2008 செப்டம்பர் 10-ஆம் தேதி. உலகமே பார்த்துக் கை தட்டியது. ஒன்பது நாட்கள் கழித்து, காந்தங்களுக்கு இடையே இருந்த பத்தாயிரத்துக்கும் அதிகமான மின் இணைப்புகளில் ஒன்று சரியாக ஒட்டியிராததால் உருகிப் போயிற்று. ஆறு டன் ஹீலியம் பீறிட்டு வெளியேறியது. அதன் வேகத்தில் 35 டன் காந்தங்களே இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே தூக்கி வர வேண்டியதாயிற்று. சுரங்கத்தில் அப்போது ஒருவரும் இல்லை. அந்தச் சாவிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். மறுபடி துகள்கள் சுற்ற 2009 நவம்பர் 20 வரை காத்திருந்தார்கள். பிறகு 2013-இல் தொடங்கிய நீண்ட நிறுத்தத்தில், அந்தப் பத்தாயிரம் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துப் பலப்படுத்தினார்கள். பத்தாயிரத்தில் ஒன்றுதானே என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகையால்தான் கிளப்பும்போது அத்தனை நிதானம். முதலில் துகள்களே கிடையாது. காந்தங்களுக்கு மட்டும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். நீண்ட ஓய்வுக்குப் பின் சில காந்தங்கள் முரண்டு பிடிக்கும். உள்ளே கம்பிச் சுருள் இம்மியளவு அசைந்தாலும் சூடு பிறந்து, தடையில்லாக் குணம் போய்விடும். உடனே மின்சாரத்தை வடித்துவிட்டு, குளிரவைத்து, அடுத்த தடவை சற்று அதிகமாகக் கொடுப்பார்கள். புது மாட்டை வண்டிக்குப் பழக்குவது போலத்தான்.

அதன் பிறகு ஒரே ஒரு சிறிய புரோட்டான் கூட்டம் உள்ளே வருகிறது. ஏன் ஒன்றே ஒன்று? முழு அளவில் ஓடும் துகள் கற்றையின் சக்தி, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் 400 டன் ரயிலுக்குச் சமம். தவறான இடத்தில் பட்டால் உலோகமும் உருகிவிடும். அதனால் முதலில் வழி விசாரிக்க ஒரு தூதன் மாதிரி இந்தச் சிறு கூட்டம். அது பத்திரமாகச் சுற்றினால், பிறகு சில, பிறகு நூறு, பிறகு ஆயிரம், இரண்டாயிரம் கூட்டங்கள். இடையில் பாத்திரம் தேய்க்கும் வேலையும் உண்டு! குழாயின் உட்சுவரிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பித் தொல்லை கொடுக்காமல் இருக்க, துகள் கற்றையைக் கொண்டே சுவரைத் தேய்த்துப் பதப்படுத்துகிறார்கள். அவர்கள் பாஷையிலும் அதற்குத் 'தேய்ப்பு' என்றே பெயர். மூன்று வருஷத்துக்கும் மேற்பட்ட நிறுத்தத்துக்குப் பிறகு 2022 ஏப்ரல் 22-ஆம் தேதி துகள்கள் சுற்றத் தொடங்கின. ஆராய்ச்சி ஆரம்பமானது ஜூலை 5-ஆம் தேதி. அப்போது நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஃபபியோலா ஜியானோட்டி என்ற இத்தாலியப் பெண்மணி. 2016 முதல் 2025 வரை பத்து வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். பெண்களில் அவரே முதல்வர்.

யந்திரம் ஓடும்போது சுரங்கத்தில் யாரும் இறங்க முடியாது. மேலே பார்க்க நிறைய இருக்கிறது. 2023-இல் திறந்த விஞ்ஞானக் கண்காட்சிக் கட்டடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வளாகத்துக்குள், இந்திய அரசாங்கம் 2004-இல் அளித்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலை இருக்கிறது. பனிக் காலத்தில் போனால், தூக்கிய திருவடியில் பனி படிந்திருக்கக் காணலாம்.