ரகத்துக்கு ஒரு தட்டு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். பாரம்பரிய நெல் விதைகளைச் சேர்த்துவரும் உழவர் ஒருவர், தன் விதை அறைக்கு மரத்தட்டு அடிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். அறை பன்னிரண்டுக்குப் பத்து. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, பூங்கார், காட்டுயானம், சீரகச் சம்பா எல்லாம் துணிப்பைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் கிடந்தன.

"அடியில இருக்கிற பையை உருவுனா மேல இருக்கிறது சரிஞ்சிடுது. வாய் அவுந்து ரெண்டு நெல்லு ஒண்ணா கொட்டிச்சுன்னா ரகம் போச்சுங்க" என்றார்.

டெல்டா வீடுகளில் சாப்பாட்டு நெல்லுக்குப் பத்தாயம் இருந்தது. விதைக்கு வைக்கோல் பிரி சுற்றிய கோட்டை இருந்தது. ஒன்றிரண்டு ரகங்களை நிறைய வைத்திருந்த காலத்துக்கு அவை போதும். பல ரகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பவருக்கு அடுக்குத்தட்டுதான் சரி.

ஆசாரி வேலையைக் கால்களில் தொடங்கினார். இரண்டரை அங்குலச் சட்டம், ஆறரை அடி உயரம். பலகைகள் பழைய வீட்டுப் பரணிலிருந்து பிரித்தவை. ஆணி பிடுங்கி, இழைப்புளி போட்டு, வேப்பெண்ணெய் தடவி நான்கு நாள் காயவிட்டிருந்தார்கள்.

காலில் அரை அங்குலம் வெட்டி, குறுக்குச் சட்டத்தை அந்த வெட்டுக்குள் உட்கார வைத்தார். "திருகாணியை நம்பிப் பாரம் ஏத்தக் கூடாதுங்க. மரத்து மேல மரம் உட்காரணும். திருகாணி நகராமப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான்." மூலைமட்டம் வைத்துப் பார்த்தபின், பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு சட்டம் அடித்தார். அதுவரை ஆடிய சட்டகம் அசையாமல் நின்றது.

முதல் தட்டு தரையிலிருந்து மூன்றடி. எலி தாவுவதும், மழைக்காலத்தில் வாசல் தாண்டி வரும் தண்ணீரும் கணக்கில் வைத்த அளவு அது. அதற்கு மேல் ஒன்றேகால் அடிக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. தட்டின் கீழ் ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல்போலத் தகரம் மாட்டினார்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியே நிறுத்தினார்கள். சுவரோடு சேர்த்துக் கட்டினால் எலிக்கு அதுவே பாலம். சுவரின் ஈரமும் பையில் ஏறும்.

பலகைகளுக்கிடையே ஒரு விரற்கடை இடைவெளி விட்டதற்கும் காரணம் உண்டு. நெல் விதையின் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதைச் சான்று விதி. காற்றுப் புகாத கொள்கலன் என்றால் 8 சதவீதம். வெயிலில் காயவைத்து 8-க்குக் கொண்டுவருவது சிரமம். ஆகவே துணிப்பை, துணிப்பை என்றால் அடியிலும் காற்று ஓட வேண்டும்.

பிறகு அடுக்கினார்கள். கனமான பைகள் கீழே. ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார் உழவர். 'டக்'கென்று உடைந்தது மட்டும் தட்டுக்குப் போனது, மற்றது களத்துக்குத் திரும்பியது. பைகளுக்கு நடுவே காய்ந்த நொச்சி இலை. பெயர்ச்சீட்டு பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ரகம், அறுத்த மாதம், வயல். சீரகச் சம்பாவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைச் சம்பாவை வைத்தார்கள். பொடி மணியும் தடித்த மணியும் கலந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இதே வட்டத்து ஆதிரெங்கத்தில்தான் நெல் ஜெயராமன் 2006 முதல் விதைத் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்ப வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. 160-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்ட அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். வாங்கிப்போன விதை கலப்பில்லாமல் திரும்பினால்தான் அந்த ஏற்பாடு நிற்கும். அதற்கு ஒவ்வொரு விதை வீட்டிலும் ரகத்துக்கு ஓர் இடம் வேண்டும்.

விதை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த அறுவடைக்கு முன் தட்டு அடித்துவிடுங்கள். பழைய பலகையும் ஓர் ஆசாரியின் இரண்டு நாள் கூலியும் போதும். கலந்துபோன ரகத்தைப் பிரித்தெடுக்க வருஷக்கணக்கில் வயலில் கதிர் கதிராகப் பொறுக்க வேண்டியிருக்கும்.