வலை இழுக்கும்போது அடிக்கும் அலாரம்

ஆந்திராவின் கார்வேட்டிநகரத்தில் கடல் இல்லை, படகு இல்லை. ஸ்கந்த புஷ்கரிணி என்ற அழகான குளம் உண்டு, வேணுகோபால சுவாமி கோயில் உண்டு, ஊரைச் சுற்றி மாந்தோப்புகள் உண்டு. ஆனாலும் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு வயரிங் பார்க்கிறவர் யாரையாவது காட்டுங்கள் என்று நான் கேட்டபோது, ஐஸ் உடைக்கிறவரிலிருந்து ஏலக்காரர் வரை கைகாட்டியது அந்த ஊர்க்காரரைத்தான். துறைமுகத்தில் கார்வேட்டிநகரம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பக்கத்திலிருக்கும் புத்தூரைத் தெரியும், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற ஊர் என்று. அதனால் இங்கே அவர் புத்தூர் அண்ணன்.

ஊரில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். டிராக்டர் டைனமோ பார்த்தார். பிழைப்புத் தேடி ராயபுரத்தில் லாரிக்கு வயரிங் செய்யும் கடையில் சேர்ந்து, அங்கிருந்து துறைமுகத்துக்கு வந்திருக்கிறார். "லாரில ஓடுற இன்ஜின்தான் சார் இங்க மிதக்குது. வித்தியாசம் உப்பு ஒண்ணுதான்" என்றார். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, பிறகு அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் இன்ஜின்கள் தமிழகக் கடற்கரையெங்கும் படகுகளில் உட்கார்ந்திருக்கின்றன. அவருடைய ஊர்ப்பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் தண்ணீர் பள்ளிப்பட்டு வழியாகக் கொசஸ்தலையாற்றில் வந்து அதே எண்ணூரில்தான் கடலில் விழுகிறது. "எனக்கு முன்னாடி எங்க ஊர்த் தண்ணி வந்துருச்சு" என்று சிரித்தார்.

நான் போன அன்று அவர் முன்னால் இருந்த வழக்கு இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரர்கள் இன்ஜினை இறக்கிப் பிரித்து மாட்டுவது அப்போதுதான். இந்தப் படகும் அப்படி வேலை பார்த்துக் கிளம்பியதுதான். கடலுக்குப் போனதிலிருந்து வீல்ஹவுஸில் அலாரம் அடிக்கிறது. எப்போதும் இல்லை. கரையில் கட்டியிருக்கும்போது அடிக்காது, போகும்போது அடிக்காது, வலை போட்டு இழுத்துக்கொண்டு ஓடும்போதும் அடிக்காது. வின்ச்சைப் போட்டு வலையை மேலே ஏற்றும்போது மட்டும் விட்டு விட்டுக் கத்துகிறது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் ஆயில் பம்ப் போய்விட்டது என்றார், இன்னொருவர் ஹீட் சுவிட்சை மாற்றினார். அடுத்த பயணத்திலும் அது கத்தியது.

"அதை அறுத்து விட்ருண்ணே. நிம்மதியா வலை இழுக்கலாம்" என்றார் படகு டிரைவர். முப்பது வயதிருக்கும். கண்ணில் தூக்கம்.

புத்தூர் அண்ணன் பதில் சொல்லவில்லை. சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜின் ஓடாத நிலையிலேயே அலாரம் கீயென்று அடித்தது. "உசிரு இருக்கு" என்று இறங்கிப் போனார்.

எனக்குப் புரியாததை அவரே விளக்கினார். ஆயில் சுவிட்சும் ஹீட் சுவிட்சும் ஒன்றுக்கொன்று நேர்மாறு. ஆயில் பிரஷர் இல்லாதபோது ஆயில் சுவிட்ச் மூடியிருக்கும். அதனால்தான் சாவியைப் போட்டதும் சத்தம். இன்ஜின் ஓடிப் பிரஷர் ஏறினால் திறந்துகொள்ளும், சத்தம் நிற்கும். ஹீட் சுவிட்ச் திறந்தே இருக்கும், தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால்தான் மூடும். இரண்டுமே மூடும்போது வயரை இன்ஜின் பாடியில் எர்த் ஆக்குகின்றன. அலாரம் கேட்பது அந்த எர்த்தைத்தான். யார் கொடுத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. வழியில் எங்காவது வயர் தோலுரிந்து இரும்பைத் தொட்டாலும் அதே கூச்சல்தான். வயர் அறுந்துபோனாலோ, இன்ஜின் கொதித்தாலும் சத்தம் வராது.

"கத்துற அலாரத்துக்கு நான் பயப்பட மாட்டேன் சார். சாவி போட்டும் கத்தாத படகுல ஏறத்தான் பயம்." அப்படிப்பட்ட படகுகள் இங்கே நிறைய என்கிறார். டிரைவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வலை மேலே வரும் நேரத்தில் டெக்கில் இருக்கிறவர்களின் கையும் காலும் வின்ச் கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த நேரத்தில் காரணமில்லாமல் அலறுகிற ஒரு பெட்டியை எத்தனை நாள் பொறுப்பது? படித்தவர்களும் பொறுக்கவில்லை. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அங்கே பொது அபாய அலாரம் தானாக அடிக்காதபடி அடக்கி வைக்கப்பட்டிருந்ததாக மேடையின் எலக்ட்ரானிக்ஸ் தொழில்நுட்பரே விசாரணையில் சாட்சி சொன்னார். பொய் அலாரம் நள்ளிரவில் ஆட்களை எழுப்பக் கூடாது என்பதுதான் காரணமாம். காசிமேட்டு டிரைவரின் தூக்கமும் அந்த மேடையின் தூக்கமும் வேறுவேறல்ல.

ஆனால் பொய் அலாரம் என்று முடிவுகட்டும் முன், அது நிஜமில்லை என்று நிரூபிக்க வேண்டும். அண்ணன் ஆயில் சுவிட்சைக் கழற்றினார். மரையில் வெள்ளை டெஃப்ளான் டேப். முகம் சுளித்தார். கசியாமல் இருக்க யாரோ சுற்றிய டேப். மரை வழியாகத்தான் சுவிட்சுக்கு எர்த் கிடைக்கிறது, டேப் இன்னும் கொஞ்சம் தடித்திருந்தால் அதுவும் போயிருக்கும். சுரண்டி எடுத்தார். சுவிட்ச் இருந்த துளையில் முள் வைத்த பிரஷர் கேஜை மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டார். சூடான எண்ணெய் இளகும், தேய்ந்த பேரிங் இருந்தால் ஐட்லிங்கில்தான் காட்டிக்கொடுக்கும். முள் ஒன்றரை கிலோவுக்கு மேல் நின்றது. வேகத்தைக் கூட்டினால் நாலைத் தொட்டது. ஆயில் பம்ப் குற்றவாளி இல்லை. டிப் ஸ்டிக்கையும் பார்த்தார். எண்ணெய் குறைந்திருந்தால், வலையின் பாரத்தில் படகு சாயும்போது பம்ப் காற்றை உறிஞ்சும், அப்போதும் இப்படி விட்டு விட்டு அடிக்கும். அளவு சரியாக இருந்தது.

அடுத்து சூடு. கடல் தண்ணீர் வரும் வழியில் வடிகட்டிக் கூடையைத் திறந்தால் பாலித்தீன் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் போட்டார், ஆனால் சந்தோஷப்படவில்லை. "இது அடைச்சா வலை இழுக்கும்போது மட்டுமா சூடாகும்? ஓடும்போதும் ஆகணுமே." பம்ப்பைத் திறந்து ரப்பர் இம்பெல்லரின் இதழ்களை விரலால் மடக்கிப் பார்த்தார். முழுசாக இருந்தன.

மிச்சம் வயர். கரையில் நின்றால் வராத நோயை வரவழைப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. படகை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டி, வின்ச்சை எங்கேஜ் செய்து பிரேக்கை இறுக்கச் சொன்னார். வின்ச்சுக்குச் சக்தி போவது இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து. பாரம் ஏறியதும் அத்தனை பெரிய இன்ஜின் தன் பவுண்டேஷன் ரப்பரின் மேல் ஒருபக்கமாகச் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். விரற்கடைகூட இருக்காது. மேலே அலாரம் ஒரு தடவை கத்தி அடங்கியது.

அப்புறம் நடந்ததைப் பார்த்தபோதுதான் துறைமுகம் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று பட்டது. புத்தூர் வைத்தியர் கையைத் தடவி முறிவைக் கண்டுபிடிப்பதுபோல, அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டு, கண்ணை மேலே வைத்துக்கொண்டு வயர்க் கட்டை இரு விரலால் நீவிக்கொண்டே போனார். வின்ச் ஷாஃப்ட்டின் பிராக்கெட்டுக்குப் பின்னால் விரல் நின்றது. டார்ச் அடித்துக் காட்டினார். ஹீட் சுவிட்ச் வயர். நகக்கண் அகலத்துக்குத் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. தடைக்காலத்தில் இன்ஜினைத் திரும்ப ஏற்றியவர்கள் வயரைப் பிராக்கெட்டுக்கு மேலே கொண்டு போகாமல் கீழே விட்டுவிட்டார்கள். இன்ஜின் சாயும்போதெல்லாம் வயர் இரும்பில் உரசியிருக்கிறது.

டேப் சுற்றி விடுவார் என்று நினைத்தேன். "ஆயில் பட்டா ஒரு வாரத்துல வழவழன்னு கழண்டுடும்" என்றார். பச்சை பூத்த பகுதியை இரு பக்கமும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, புது வயர் கோத்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டி, பிராக்கெட்டுக்கு மேல் வழியாகக் கிளிப் அடித்தார். மறுபடி வின்ச், மறுபடி பிரேக். சத்தம் இல்லை. பிறகு ஹீட் சுவிட்ச் முனையைக் கழற்றி வேண்டுமென்றே பாடியில் தொட்டார். மேலே அலறியது. அதைக் கேட்டபிறகுதான் முனையைத் திரும்ப முறுக்கினார்.

டிரைவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அலாரத்தை நிறுத்திவைக்க ஒரு சுவிட்சாவது போட்டுக் கொடுங்கள், அவசரத்துக்கு உதவும் என்றார். நீண்ட பேரம். கடைசியில் அண்ணன் ஒப்புக்கொண்டது வேறொன்று: வின்ச் ஓட்டுகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் ஆயிலுக்கு ஒரு விளக்கு, சூட்டுக்கு ஒரு விளக்கு. எது என்று தெரிந்தால் இழுப்பதா நிறுத்துவதா என்று அவர்களே முடிவெடுக்கலாம். சுவிட்ச் கிடையாது. கூலியில் பாதியை டிரைவர் அங்கேயே எண்ணிக் கொடுத்தார். மீதி அடுத்த மீன் ஏலம் முடிந்து வரும் என்று அண்ணன் சிட்டையில் குறித்துக்கொண்டார்.