ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால்

சங்க காலத்தில் சாதி இருந்ததா? எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தக் கேள்வி வராத மாதமில்லை. வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். கையில் உள்ள பணத்துக்கு ஓர் ஆய்வு நூல்தான் வாங்க முடியும். கைலாசபதியா, ஜார்ஜ் ஹார்ட்டா?

1968இல் வெளிவந்த கைலாசபதியின் ஆங்கில நூல், சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிடுகிறது. பாணர்கள் வாய்மொழியாகப் பாடிய மரபிலிருந்து வந்தவை இவை என்பது அவர் வாதம். கலைஞராகப் பாணர் அங்கே நடுவில் நிற்கிறார். ஹார்ட்டின் நூல் 1975இல் வந்தது. பறை, துடி முழக்கியவர்கள் ஆபத்தான ஆற்றலோடு தொடர்புள்ளவர்களாகக் கருதப்பட்டதால் தாழ்வாக வைக்கப்பட்டார்கள், அதன் வேர் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது என்கிறார் அவர். 'எல்லாம் வடக்கிலிருந்து வந்தது' என்று நம்புகிறவர்களுக்கு இது கசக்கும்.

கசக்கிறது என்பதற்காக ஒரு நூலை ஒதுக்க முடியாது. புறநானூற்றின் 82ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஊரில் விழா. மனைவிக்குப் பேறுகாலம். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. கட்டில் பின்னுகிற மனிதனின் கையில் ஊசி பறக்கிறது. அரசனின் போர் அந்த வேகத்தில் நடந்தது என்கிறார் புலவர். அந்த மனிதனுக்குப் பாட்டு கொடுக்கும் பெயர் 'இழிசினன்'. கையின் திறமை மன்னனின் புகழுக்கு உவமையாகிறது, கைக்குரியவனுக்கு மிஞ்சுவது இழிவு. இதைப் படித்த பிறகும் அது சமத்துவப் பொற்காலம் என்று எப்படிச் சொல்வது?

அதற்காக ஹார்ட் சொல்வதை அப்படியே விழுங்கவும் வேண்டாம். ஆற்றல், தீட்டு என்று நம்பிக்கையை வைத்தே இழிவை விளக்கினால், நிலம் யாரிடம் இருந்தது, உழைத்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விகள் பின்னால் போய்விடுகின்றன. மார்க்சியரான கைலாசபதியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்விகளை. இன்னொரு சிக்கலும் உண்டு. இப்பாடல்கள் மிகவும் பிந்திய அரசவைப் படைப்புகள் என்று 2001இல் ஹெர்மன் டீக்கன் வாதிட்டார். ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் காலத்தை மாற்றினால் நம் வரலாற்று முடிவுகளும் மாறும் என்பதை அந்த விவாதம் காட்டுகிறது.

எங்கள் தேர்வு ஹார்ட். நம் கேள்வியை நேராகக் கேட்ட நூல் அதுதான். ஆனால் பக்கத்தில் புறநானூற்று மூலம் திறந்திருக்க வேண்டும். பாட்டு சொல்வது எது, பிற்கால உரைகாரர் சொல்வது எது, ஆய்வாளர் ஊகிப்பது எது என்று பென்சிலால் பிரித்துக் குறியுங்கள், தோழர்களே. நம் முன்னோரைப் பற்றி யாரோ எழுதிய முடிவை மனப்பாடம் செய்ய நமக்குப் புத்தகம் தேவையில்லை. அந்த முடிவுக்கு எப்படி வந்தாய் என்று கேட்கத்தான் தேவை.