பின்பக்க வேலி

கோத்தகிரியில் எங்கள் வீட்டின் பின்பக்க வேலியில் ஒரு கல்தூண் போன நவம்பர் மழையில் அந்தரத்தில் தொங்கியது. அடியில் மண் இல்லை. இரண்டு பக்கத்து முள்கம்பிதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வேலிக்குக் கீழே பத்தடிப் பள்ளத்தில் ஒரு அக்காவின் வீடு. தேயிலை பறிக்கப் போகிறவர். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் மண் அவர் கொல்லையில் இறங்கும். அவர் சட்டியில் அள்ளி ஓரமாகக் கொட்டுவார். எனக்கு உறைத்ததெல்லாம் என் இடம் குறைகிறது என்பதுதான். சர்வேயரை வைத்து அளந்தேன். பட்டாப்படி என்னுடையதான முக்கால் அடி, வெறும் காற்றாக இருந்தது.

கான்கிரீட் சுவர் எழுப்பிவிடலாம் என்றேன். மேஸ்திரி சுவரைப் பற்றிப் பேசவே இல்லை.

"கூரைத் தண்ணி எங்க சார் போகுது?"

போய்ப் பார்த்தோம். வீட்டைச் சுற்றி வந்த குழாய் வேலியோரப் புதரில் முடிந்தது. சுவரோரம் தண்ணீர் நிற்கக் கூடாதென்று அப்பா போட்டது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 930 லிட்டர். 100 மில்லிமீட்டர் கொட்டும் நாளில் ஒன்பதாயிரத்துக்கு மேல். அத்தனையும் அந்த ஒரே இடத்தில். மண்ணை அரித்தது மழை இல்லை, நாங்கள்தான்.

"இந்தத் தண்ணிய உள்ள வச்சுக் கட்டினா, சுவரு அந்தக்கா சமையக்கட்டு மேலதான் விழும்" என்றார். ஊறிய மண்ணின் பாரத்தோடு தேங்கிய தண்ணீரும் சேர்ந்து சுவரைத் தள்ளும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தது ஞாபகம் வந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

குழாயைச் சாலையோர சாக்கடைக்குத் திருப்பினோம். எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளிக் கருங்கல் சுவர். பின்னால் சல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேற வரிசையாகக் குழாய்த் துண்டுகள். மேலே வெட்டிவேர். அடியில் வாய்க்கால் அவர் கொல்லை வழியாகத்தான் போக முடியும். அனுமதி கேட்க முதல்முறையாகக் கீழே இறங்கிப் போனேன்.

"தாராளமா வெட்டுங்க தம்பி. மழ பேஞ்சா நாங்க அந்த ரூம்ல படுக்கறதில்ல. ஆறு வருசமாச்சு."

ஆறு வருடம். நான் முக்கால் அடியை அளந்துகொண்டிருந்தேன்.

இந்த வருடம் முதல் பெருமழையன்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்: "தம்பி, சுவத்து ஓட்டையில தண்ணி வருது!"

"வரட்டும்க்கா. வரலேன்னாதான் என்னைக் கூப்பிடணும்."