பாதி பாட்டில் தண்ணீர்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இல்லாமல் நான் வெளியூர் போனது போன பங்குனியில்தான். கூடப் படித்த தோழிகள், நாங்கள் நாலு பேர். எங்களில் ஒருத்தி, ராஜம் கிருஷ்ணன் 1979-ல் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலை நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, “ஏட்டி, தினமும் உப்புப் போட்டுத்தானே சமைக்கோம்? அது விளையுற இடத்த ஒருநாளாவது பாத்திருக்கமா?” என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், வேன் பேசியாகிவிட்டது.

சுரண்டையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினோம். ஆலங்குளம், திருநெல்வேலி என்று ஊர்கள் பின்னால் போயின. ஒரே சிரிப்பும் பாட்டும்தான். தூக்குச்சட்டியில் இருந்த இட்லி காலியாயிற்று. ஆனால் தண்ணீர்க் கேனை மட்டும் யாருமே தொடவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியாததா? வழியில் ஒதுங்க ஒரு சுத்தமான இடம் கிடைக்காதே! பயணம் என்றால் முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவது என் வழக்கம்.

முத்தையாபுரம் பக்கம் போனதும் வேனை நிறுத்தி, ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். கண்ணுக்கெட்டின மட்டும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். கரையோரம் மலை மலையாக உப்பு. மருந்துக்கு ஒரு மரம் கிடையாது. நிலத்தடியிலிருந்து இறைக்கும் நீர் கடல் நீரைவிடக் கரிக்குமாம். அதை வெயிலில் காயவிட்டு, பாத்தி மாற்றிப் பாத்தியாகப் பாய்ச்சுகிறார்கள். முதலில் ஜிப்சம் படிகிறது. கடைசிப் பாத்தியில்தான் உப்புப் பூக்கிறது. வேலை பெரும்பாலும் ஜனவரி முதல் செப்டம்பர் வரைதான். மழை வந்தால் அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

பாத்தி வரப்பில் நின்று பார்த்துக் கொண்டிருந்தேன். உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தலை கிறுகிறுவென்று சுற்றியது. விழப்போனவளை, உப்பு வாரிக் கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள். கொட்டகை நிழலில் உட்கார வைத்து, தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தாள். மடக்மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டேன்.

“பொழுதுக்கும் அதாங்க்கா எனக்கு” என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “இந்த வெயிலில் இது எப்படிம்மா போதும்?” என்றேன்.

“அதுக்கு மேல குடிச்சா ஒதுங்க இடம் வேணாமா? இந்த வெட்டவெளில எங்கன போக? நீர்க்கடுப்பு வரும், போகும்.”

அவள் கால்களைப் பார்த்தேன். உப்பு நீரில் ஊறி ஊறி, வெடித்துப் போயிருந்தன. எங்களோடு வந்தவளில் ஒருத்தி பீடி சுற்றுகிறவள். அவள் மெதுவாக, “நானும் அப்படித்தான். எழுந்தா கணக்கு குறையுமேன்னு தண்ணி குடிக்கவே மாட்டேன்” என்றாள். பேச்சே வரவில்லை எங்களுக்கு. கேனில் இருந்த தண்ணீரை அந்த அம்மாளுக்கும் கூட இருந்தவர்களுக்கும் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். நாட்டுக்கே உப்பிடுகிறவளை எத்தனை பேர் நினைக்கிறோம்?

வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டது என் மகளின் தண்ணீர் பாட்டில். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். காலையில் நிரப்பிக் கொடுப்பது சாயந்தரம் அப்படியே திரும்பி வரும். நானும் திட்டியிருக்கிறேனே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. அன்று கேட்டேன். “ஸ்கூல் கக்கூசுக்குள்ள போக முடியாதும்மா. பாதியப் பூட்டியே வச்சிருக்காங்க” என்றாள்.

சிறுநீரை நெடுநேரம் அடக்கினால் கிருமி பெருகும். எரிச்சலும் காய்ச்சலும் வரும். சிலருக்குச் சிறுநீரகம் வரை போய்விடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் குடிக்கிற தண்ணீர் போதும் என்று அர்த்தம். அடர்ந்த மஞ்சளாகப் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டேதான் நானும் வாயைக் கட்டியிருந்தேன்!

அடுத்த திங்கட்கிழமை நாலைந்து தாய்மார்களாகப் பள்ளிக்கூடம் போய்ப் பேசினோம். முதலில் முகம் சுளித்தார்கள், நாங்கள் விடவில்லை. இப்போது பூட்டுத் திறந்திருக்கிறது, தினமும் கழுவுகிறார்கள். பாட்டில் காலியாக வருகிறது.

உங்கள் வீட்டுப் பாட்டிலையும் இன்று சாயந்தரம் கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்.